போ சமவெளியில் ஒரு நெல் ஊர்: திரினோவில் வாழ்ந்து தெரிந்துகொண்டவை

திரினோவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது சமையலறைக்குள் நுழைவதற்கு முன்பே ஜன்னல்களைப் பார்த்தேன். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலைச் சட்டம் போட்டிருந்த வீட்டை, வாடகை சற்றுக் கூடுதல் என்றாலும், எடுத்துக்கொண்டேன். தரகருக்கு ஆச்சரியம். வெளியூரிலிருந்து வருபவர்கள் வெயில் படுமா, கார் நிறுத்த இடம் உண்டா என்றுதான் கேட்பார்களாம். காவிரி டெல்டாவில் வளர்ந்தவனுக்கு, வயல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும். ஜூன் மாத இரவுகள் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

திரினோ வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தின் வெர்செல்லி மாவட்டத்தில், போ ஆற்றின் இடது கரையில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வாழும் சிற்றூர். நெல் ஆய்வு வேலை என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தெற்கே ஆற்றைத் தாண்டினால் மோன்ஃபெர்ராதோ குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள், அவற்றைப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணிகள். வடக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். வானம் தெளிந்த நாளில் அந்த வயல்களுக்கு அப்பால் 4,634 மீட்டர் உயரமுள்ள மோன்தே ரோசா பனிமலை நிற்கும். சுற்றுலா வழிகாட்டிகள் இந்த வடக்குப் பக்கத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. தட்டையான நிலம், ஒரே மாதிரி வயல், பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். அந்தத் தட்டைதான் இங்கே முக்கியம் என்பது என் கட்சி. தண்ணீர் ஒரே அளவில் நிற்க வேண்டும் என்பதற்காக மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சமன்படுத்திய நிலம் அது. இன்று லேசர் கருவி பொருத்திய டிராக்டர்கள் அதே வேலையைத் தொடர்கின்றன.

இத்தாலியில் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நெல்லில் பாதிக்குப் பக்கம் இந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி பியெமோந்தே, லொம்பார்தியா என்ற இரண்டு மாநிலங்களில் விளைகிறது. 45 டிகிரி வடக்கு அட்சரேகையில் நெல்லா என்று நம் ஊர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரே போகம்தான். ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பு, செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. வயலில் சில அங்குலம் தண்ணீர் கட்டி, ஊறவைத்த விதையை டிராக்டர் பின்னால் சுழலும் கருவியிலிருந்து வீசுவார்கள். டிராக்டருக்கு ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். அந்தச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் விதைப்புக் காலத்தில் வயலோரங்களில் கழற்றி வைத்த டயர்கள் கிடக்கும்.

ஏப்ரல் கடைசியில் முதன்முறை வருபவர்கள் போ ஆறு உடைத்துக்கொண்டதோ என்று பதறுவார்கள். கட்டம் கட்டமாக வரப்புகள், கட்டத்துக்குள் வானம். உள்ளூர்க்காரர்கள் அதைக் கட்டங்கள் போட்ட கடல் என்கிறார்கள். படமெடுக்க நினைப்பவர்கள் விடியற்காலையில் வர வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்து தண்ணீர் சிலிர்த்துவிடும். மலையின் நிழலும் கலைந்துவிடும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போனதில்தான் எனக்கு ஊர் புரிந்தது. திரினோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் லுச்சேதியோ என்ற பழைய மடம் இருக்கிறது. 1123இல் பிரான்சிலிருந்து வந்த சிஸ்டெர்சியன் துறவிகள் காட்டையும் சதுப்பையும் திருத்தி அங்கே பண்ணை அமைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அந்த நிலங்களில் நெல் வந்தது. 1787இல் தாமஸ் ஜெஃபர்சன் இந்தப் பகுதிக்கு வந்து, தடையை மீறிச் சட்டைப் பையில் நெல் அடைத்துக்கொண்டு போனார் என்பது இங்கே எல்லோரும் விரும்பிச் சொல்லும் செய்தி. அவர் எழுதிய கடிதங்களிலேயே அது இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரானவர் ஒருவர் நெல் கடத்தினார் என்பதில் வெர்செல்லி விவசாயிகளுக்கு ஒரு தனிப் பெருமை.

இன்றைய நீர்ப்பாசனத்துக்கு ஒரு அரசியல்வாதியை நினைக்க வேண்டும். இத்தாலியை ஒன்றிணைத்தவர்களில் ஒருவரான கமில்லோ கவூர், அரசியலுக்கு வருவதற்கு முன்பு விவசாயி. திரினோவைச் சேர்ந்த லேரி என்ற குக்கிராமத்தில் அவருடைய பண்ணை இருந்தது. அங்கேதான் புதிய உரங்களையும் இயந்திரங்களையும் சோதித்துப் பார்த்தார். 1853இல் அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம், செசியா ஆற்றுக்கு மேற்கேயுள்ள நிலங்களின் பாசனத்தை விவசாயிகளின் சங்கம் ஒன்றிடம் ஒப்படைத்தது. ஓவெஸ்ட் செசியா என்ற பெயரில் அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய கவூர் கால்வாய் அவர் இறந்த பிறகு, 1863இல் தொடங்கி 1866இல் முடிந்தது. கிவாஸ்ஸோவில் போ ஆற்றிலிருந்து பிரிந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. செசியா ஆறு குறுக்கிடும் இடத்தில் ஆற்றின் அடியில் சுரங்கம் போல நுழைந்து மறுகரையில் எழுகிறது. அதைப் போய்ப் பார்க்காமல் இந்தப் பகுதியை விட்டுப் போகாதீர்கள்.

கால்வாயை வெட்டிய பிறகு இன்னொரு சிக்கல் தெரிந்தது. கோடையில், நெல்லுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில், போ ஆறு இளைத்துவிடுகிறது. வால்லே தாவ்ஸ்தா என்ற ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் பனிப்பாறைகளிலிருந்து வரும் டோரா பால்தேயா ஆறோ வெயில் ஏற ஏறப் பெருகுகிறது. ஆகவே ஃபாரினி கால்வாய் என்ற துணைக் கால்வாயை வெட்டி, டோராவின் தண்ணீரைக் கவூர் கால்வாயில் சேர்த்தார்கள். இரண்டு ஆறுகளின் குணத்தையும் அறிந்து போட்ட இந்த முடிச்சுதான் அந்தப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்தது.

பனி உருகிய தண்ணீர் குளிர்ந்திருக்கும். நெல்லுக்குக் குளிர் ஆகாது. அதனால் பழைய பண்ணைகளில் தண்ணீரை முதலில் ஒரு சிறு பாத்தியில் தேக்கி, வெயிலில் கொஞ்சம் சூடேறவிட்டுப் பெரிய வயலுக்கு விடுவார்கள். அந்த முதல் பாத்தியிலும் மடைவாய்க்குப் பக்கத்திலும் பயிர் பின்தங்கியே இருக்கும். மற்ற இடமெல்லாம் பழுத்திருக்க அங்கே மட்டும் பச்சை நிற்கும். களத்தில் மாதிரி எடுக்க வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: மடைக்குப் பக்கத்தில் கதிர் பறிக்காதீர்கள், கணக்குத் தவறிப்போகும். ஆனால் நின்ற தண்ணீர் இங்கே பயிருக்குப் போர்வையும்கூட. ஜூலையில் சூல் பருவத்தில் இரவு திடீரென்று குளிர்ந்தால் பூ மலடாகிக் கதிர் பதராகிவிடும். அப்போது விவசாயிகள் வயலில் தண்ணீர் மட்டத்தை உயர்த்துவார்கள். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தண்ணீர் இரவில் விட்டுக்கொடுத்து, உள்ளேயிருக்கும் இளங்கதிரைக் காப்பாற்றும். நம் ஊரில் தண்ணீர் கட்டுவதற்குக் களையை அடக்குவது முதற்காரணம் என்று படித்திருந்த எனக்கு இது புதுப் பாடம்.

மதகுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாய்க்காலோரம் நடந்து போகும்போது ஏதாவது மதகு வழிந்து சாலைக்குத் தண்ணீர் வருவது போலத் தெரியும். கை வைக்கக் கூடாது. யாருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு என்பது முன்கூட்டியே பேசி முடித்த விஷயம்; திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆள் உண்டு. மேல் வயலில் வடிந்த நீர் கீழ் வாய்க்காலில் சேர்ந்து அடுத்த பண்ணைக்குப் பாயும். இப்படி ஒரே தண்ணீர் பல கைகள் மாறுகிறது. ஒருவர் மதகை ஒரு திருகு கூடுதலாகத் திருப்பினால் நாலு பண்ணை தள்ளி இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நம் கடைமடைச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அங்கே நடக்கும் பெரிய விவாதம் புழுதி விதைப்பைப் பற்றியது. பத்திருபது ஆண்டுகளாக விவசாயிகள் பலர் தண்ணீர் கட்டாமல், காய்ந்த மண்ணில் வரிசையாக விதைத்து, பயிர் மூன்று நான்கு இலை விட்ட பிறகே நீர் பாய்ச்சுகிறார்கள். வேலை குறைவு, டிராக்டருக்குச் சிரமமில்லை, ஏப்ரலில் தண்ணீரும் மிச்சம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில், ஜூனில், தண்ணீர் கேட்கிறார்கள். அப்போதுதான் மக்காச்சோளத்துக்கும் தண்ணீர் தேவை. இன்னொன்று, ஏப்ரலில் வயல்களில் நின்ற தண்ணீர் மெல்ல மெல்ல நிலத்தடியில் இறங்கி, கீழ்ப்பகுதியில் ஊற்றுகளாக வெளிவந்து கோடையில் மறுபடி பாசனத்துக்கு உதவியது. வயல்கள் காய்ந்து கிடந்தால் அந்தச் சேமிப்பு இல்லை. ஒரு தனிப் பண்ணைக்குச் சிக்கனமாகத் தெரிவது மொத்தச் சமவெளிக்கும் சிக்கனமாக இருக்க வேண்டியதில்லை. 2022 வறட்சியில் கிழக்கே லொமெல்லினாவில் நெல் வயல்கள் காய்ந்து வெடித்தபோது இந்தப் பேச்சு சூடுபிடித்தது. பனிப்பாறைகளிலிருந்து வரும் டோரா பால்தேயா கைகொடுத்ததால் வெர்செல்லிப் பக்கம் அந்த அளவுக்கு அடிவாங்கவில்லை. அந்தப் பனிப்பாறைகளும் சுருங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அங்கே எல்லோரும் அறிவார்கள். ஆனால் தேநீர்க்கடைப் பேச்சில் அதைத் தொடுவதில்லை. தேநீர்க்கடை என்றேன், அங்கே காபி பார்.

கொசுவுக்கு வருகிறேன். வயலில் வாழும் கொசு இனம் ஒன்று தண்ணீரில் முட்டையிடாது. ஈரச் சேற்றில் இடும். களைக்கொல்லி அடிப்பதற்காகவும் வேர் பிடிப்பதற்காகவும் வயலை வடித்துக் காயவிட்டு, பிறகு மறுபடி நீர் கட்டுவார்கள். அந்த மறுநீரில் முட்டைகள் எல்லாம் ஒன்றாகப் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஊருக்குள் படையெடுக்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்ப்பதைவிட வயலைப் பார்ப்பது நல்லது. பக்கத்து வயலில் இரண்டாம் முறை தண்ணீர் ஏறினால் அடுத்த வாரம் மாலை நடையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். இது அந்திக் கொசு. பகலில் கடிப்பது புலிக்கொசு. அது பால்கனிப் பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரில் பெருகும். அதற்கு வயலைத் திட்டிப் பயனில்லை. பியெமோந்தே மாநில அரசு 1995இலேயே கொசு ஒழிப்புக்குச் சட்டம் இயற்றி, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைப் பயன்படுத்திவருகிறது. இருந்தாலும் போ சமவெளியில் கோடைதோறும் வெஸ்ட் நைல் காய்ச்சல் தலைகாட்டுகிறது. வயதான பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து தங்கவைப்பதாக இருந்தால் ஆகஸ்டைத் தவிர்ப்பேன்.

வயலும் காய்ச்சலும் இங்கே பழைய வழக்கு. ஒரு காலத்தில் மலேரியா இருந்தது. குடியிருப்புக்கும் நெல் வயலுக்கும் இடையே இடைவெளி விட வேண்டும் என்ற விதிகளுக்கு 1866ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அந்தக் காலத்துச் சேற்றில் நின்றவர்கள் பெண்கள். மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை எமீலியா, வெனேதோ, லொம்பார்தியா பகுதிகளிலிருந்து ரயிலேறி ஆயிரக்கணக்கில் வருவார்கள். களைபறிக்கும் வேலை. தொடை வரை பாவாடையை வழித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து நகர்வார்கள். கூலியில் ஒரு பகுதி நாளுக்கு ஒரு கிலோ அரிசி. எட்டு மணி நேர வேலைக்காக அவர்கள் நடத்திய போராட்டம் 1906இல் வெர்செல்லியில் வெற்றி கண்டது. மொதெஸ்தோ குன்யோலியோ என்ற வழக்கறிஞர் அவர்களுக்குத் துணை நின்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு களைக்கொல்லி வந்ததும் அந்த வேலை மறைந்தது. என் வீட்டுக்காரம்மாவின் தாய் அப்படி வந்து, இங்கேயே மணமுடித்துத் தங்கியவர். திரைப்படங்களில் அந்தப் பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்வதைக் காட்டினால் வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வரும். பாடினார்கள்தான், பேசினால் மேஸ்திரி திட்டுவான் என்பதால் பாடினார்கள் என்பார். சுற்றுலாவுக்காக அந்தக் காலத்துத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆடும் விழாக்களுக்கு அவர் போவதில்லை.

ஊரில் வாழும் வழிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை பெரும்பாலும் இத்தாலியின் எந்தச் சிற்றூருக்கும் பொருந்தும். பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் மூன்றரை அல்லது நான்கு மணிக்குத்தான் திறக்கும். வாரத்தில் ஒரு பிற்பகல் விடுமுறை வேறு. கடைக்குக் கடை அது மாறும். ஆகஸ்டின் நடுவில் மருந்துக்கடைகூட முறைவைத்துத்தான் திறந்திருக்கும். பேருந்துக்குப் பள்ளி நாள் அட்டவணை வேறு, பள்ளி இல்லாத நாள் அட்டவணை வேறு. ரயில் உண்டு, கிவாஸ்ஸோவிலிருந்து அலெசாந்திரியா போகும் பாதையில் திரினோ நிலையம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் கோடைக்கும் தனியாக அட்டவணை பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

தங்கும் அனுமதிக்கு நாட்டுக்குள் வந்த எட்டு வேலை நாட்களுக்குள் அஞ்சலகத்தில் விண்ணப்ப உறையைக் கொடுக்க வேண்டும். புகையிலைக் கடையில் விற்கும் 16 யூரோ முத்திரை வில்லையை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைரேகைக்கு வெர்செல்லிக் காவல் தலைமையகம். பிறகு நகராட்சியில் குடியிருப்புப் பதிவு. நீங்கள் உண்மையிலேயே அங்கே வசிக்கிறீர்களா என்று பார்க்க நகராட்சிக் காவலர் வீட்டுக்கு வருவார். அழைப்புமணியிலும் அஞ்சல் பெட்டியிலும் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: நமக்கு இருப்பது இன்ஷியல், அவர்களுக்கு வேண்டியது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஒரு தாளில் அப்பா பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்து நிற்கும். பிறகு வங்கி, மருத்துவர், வரி எண் என எல்லாம் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். புறப்படும் முன் ஊரிலேயே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொள்வதுதான் நல்லது. வரி எண்ணில் பெயர் எப்படி விழுந்ததோ, அதே வரிசையை மற்ற எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். குடியிருப்புப் பதிவான ஓராண்டு வரை சர்வதேச அனுமதியோடு ஓட்டலாம். அதன்பிறகு இத்தாலிய மொழியில் தேர்வெழுதி முதலிலிருந்து வாங்க வேண்டும். முப்பது கேள்விகள், மூன்று தவறுகள் வரை மன்னிப்பு. வந்த மாதமே படிக்கத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் கார் இல்லாமல் வயலுக்குப் போக முடியாது. நான் பெரும்பாலும் சைக்கிளில் போனேன். ஊருக்கு வெளியே இருட்டில் சைக்கிள் ஓட்டுபவர் ஒளிரும் மேற்சட்டை அணிய வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அணிந்திருப்பேன். சாலை குறுகல், இருபுறமும் வாய்க்கால், பல இடங்களில் தடுப்பு இல்லை. கான்கிரீட் கரையுள்ள பெரிய கால்வாய்களில் விழுந்தவர் பிடித்து ஏற எதுவுமே இருக்காது. ஜூலை வெயிலில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இறங்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நவம்பர் வந்தால் மூடுபனி. வடக்கும் மேற்கும் ஆல்ப்ஸ், தெற்கே அப்பெனைன், நடுவில் காற்றில்லாத பள்ளம். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட, கீழே குளிரும் ஈரமும் புகையும் சேர்ந்து கிடக்கும். காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டும் நாட்கள் ஆண்டில் 35க்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. போ சமவெளி நகரங்கள் பல அதைத் தாண்டியதுண்டு. பழைய டீசல் வண்டிகளுக்கும் விறகடுப்புகளுக்கும் குளிர்காலத்தில் கட்டுப்பாடு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தச் சமவெளியில் வேலையை ஏற்பதற்கு முன் ஒரு ஜனவரியை யோசித்துப் பார்க்க வேண்டும். கிராமக் காற்று சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

தரைத்தளத்தில் வீடு எடுப்பவர்கள் வெள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். 1994 நவம்பரிலும் 2000 அக்டோபரிலும் போ ஆறு பெருக்கெடுத்தபோது திரினோவும் அடிபட்டது. மாநிலத்தின் மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனப் படிப்படியாக ஏறும். என் வீட்டுக்காரம்மா ஆரஞ்சு வந்தாலே பத்திரங்களை மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்.

ஊருக்கு இன்னொரு அடையாளம் அணு உலை. ஆற்றோரம் 1960களில் கட்டிய என்ரிகோ ஃபெர்மி மின்நிலையம், செர்னோபில்லுக்குப் பிறகு 1987 பொது வாக்கெடுப்போடு ஓய்ந்தது. பிரித்தெடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது. 2024 தொடக்கத்தில் நாட்டின் அணுக்கழிவுக் கிடங்கை இங்கே அமைக்கலாம் என்று நகராட்சியே முன்வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் பின்வாங்கியது. அந்த நாட்களில் ஊர்க்காரர்களோடு பேசும்போது நான் கருத்துச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே குடும்பத்தில் உலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போகும் மகளும் இருக்கும் ஊரில் விருந்தாளிக்கு அதுவே அழகு.

எனக்கு அங்கே மிகப் பிடித்த இடம் காடு. வயல்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் சமவெளி முழுவதும் இருந்த காட்டின் மிச்சமாக, ஓக் மரங்களோடு நிற்கிறது பார்த்தெசிபான்சா காடு. 1275இல் மோன்ஃபெர்ராதோவின் மார்க்கிஸ் அதைத் திரினோ மக்களுக்குக் கொடுத்தார். அன்றைய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அதன் பங்குதாரர்கள். ஆண்டுதோறும் வெட்டுவதற்குக் காட்டின் ஒரு பகுதியை ஒதுக்கி, துண்டுகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி யாருக்கு எது என்று முடிவு செய்வார்கள். எல்லாரும் சுற்றியிருந்த காட்டை அழித்து நெல்லாக்கியபோது இது மட்டும் தப்பியதற்கு அந்தச் சீட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன். தன் பேரனுக்கு எந்த மரம் விழும் என்று தெரியாதவர் எல்லா மரத்தையும் பார்த்துக்கொள்கிறார். வெளியூர்க்காரர் நடக்கலாம், சுள்ளி பொறுக்கக் கூடாது. வசந்தத்தில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டியிருக்கும்போது பாதையை விட்டு விலகாதீர்கள்.

இனி அரிசி. உள்ளூர் உணவு பனிஸ்ஸா: அரிசி, சலுஜ்ஜா ஊர் அவரை விதை, கொழுப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி. சைவர்கள் விழாக்களில் பெரிய அண்டாவைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தவளை பொரித்துத் தரும் உணவகங்களும் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒரு சொல். பையில் கர்னரோலி என்ற ரகப் பெயர் மட்டும் எழுதியிருந்தால், உள்ளே அதை ஒத்த வேறு ரகம் இருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிப்படி, கிளாசிகோ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பெயருக்குரிய ரகமே இருக்கும். உண்மையான கர்னரோலி 1940களில் உருவான, உயர்ந்து வளர்ந்து காற்றில் சாயும், குலை நோய்க்கு எளிதில் இரையாகும் பயிர். விவசாயிகள் ஒத்த ரகங்களுக்கு மாறியதில் தப்பில்லை. பண்ணைகளிலேயே நேரடியாகக் காற்று நீக்கிய பைகளில் விற்கிறார்கள். கம்போடியா, மியான்மர் அரிசிக்கு 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாண்டுக்குத் தீர்வை போட்ட கதையையும் அந்த விற்பனைக் கவுன்டரில் கேட்கலாம்.

நம் சமையலுக்கு எது சரிப்படும் என்று நான் சோதித்தது இது. குண்டு மணியான பலில்லா போன்ற உருண்டை ரகங்கள் வெண்பொங்கலுக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் அருமை, தயிர்சாதத்துக்கும் பழுதில்லை. அர்போரியோவைச் சாதமாக வடித்தால் வெளியே குழைந்து உள்ளே விறைத்திருக்கும், அதை ரிசோத்தோ என்ற குழைவான இத்தாலியச் சோற்றுக்கே விட்டுவிடுங்கள். ரீபே ரகத்தைப் புழுங்கல் அரிசியாகப் பல கடைகளில் விற்கிறார்கள். இட்லிக்கு அதுதான் என் தேர்வு. உளுந்துக்கு மட்டும் டூரின் நகரத்துப் போர்த்தா பலாஸ்ஸோ சந்தையைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றாடச் சோற்றுக்குத் தாய்பொன்னெட் என்ற நீள அரிசி. உதிரி உதிரியாக வரும், குழம்பு தாங்கும், விலையும் குறைவு. வெர்செல்லிக்காரர்கள் அதைச் சாலட்டுக்குத்தான் ஆகும் என்று ஒதுக்குவதால் எப்போதும் கிடைக்கும். பிரியாணிக்கு இந்த மாவட்டத்து அரிசி எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை. உளுந்து வாங்கப் போகும்போது பாசுமதியையும் சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள்; வீட்டுக்காரம்மா பார்க்காமல் உள்ளே கொண்டுபோவது உங்கள் சாமர்த்தியம்.